மரபணுக் கேடெல்லாம் மரபுக் கேடா?



இம்மாதம் எடுத்துக்கொண்ட பொருள், விருந்தினர் அமர்ந்திருக்கும் கூடத்தில் எவரும் பேசத் துணியாத பொருள். மலம், மலக்குடல், அங்கே கசியும் இரத்தம் ஆகியவற்றைப் பற்றி நாம் கணவன் மனைவிக்கிடையில்கூட வாய் திறப்பதில்லை. சொல்லாமல் மறைத்ததனாலேயே காலம் கடந்துபோன குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. ஆகவே முகம் சுளிக்காமல் படியுங்கள்.

சில வாரங்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்து மாலைப் பாடம் தொடங்குவதற்குள், சங்கராபுரம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் என்னைக் காண வந்தார். அவருடைய அத்தாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அறுவை முடிந்துவிட்டது, ஆயினும் கல்லீரல் வரை நோய் பரவியிருந்தது. வெட்டியெடுத்த கட்டியின் துணுக்கை 'ஜீன் பரிசோதனை'க்கு அனுப்ப வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். குடும்பத்துப் பெரியவர்களோ கூடிப் பேசி, அது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள்! காரணம் பணமன்று. "ஹஜ்ரத், ஜீன் கெட்டுப்போச்சுன்னு கையில எழுதிக் கொடுத்துட்டா, நாளைக்குத் தங்கச்சியை யாரு கேட்டு வருவாங்க?" என்றார் அந்தப் பிள்ளை.

நான் கலைப்பிரிவில் பட்டம் பெற்றவன். அறிவியல் என் துறையன்று. எனினும் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மருத்துவம் அறிந்த நண்பர்களைத் துருவிக் கேட்டும், நூல்களைப் புரட்டியும் தெளிந்து கொண்டவற்றையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. ஜீன் என்பதற்குத் தமிழில் மரபணு என்கிறோம். அழகான சொல்தான். ஆனால் 'மரபு' என்பது அதன் தலைவாயிலிலேயே நிற்பதால், மரபணு கெட்டது என்றவுடன் வம்சமே கெட்டது என்று பொருள் கொண்டுவிடுகிறோம். உண்மை யாது? நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றிலும் மரபணுக்களின் முழுத் தொகுப்பும் இருக்கிறது. அது அந்த உயிரணு எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்று கூறும் கட்டளைச் சுவடி. குடலிலுள்ள ஏதோ ஓர் உயிரணுவில், ஐம்பதாவது வயதில், அந்தச் சுவடியின் ஓரெழுத்து பிழைபட்டால், பிழை அந்த உயிரணுவிலும் அதன் வழித்தோன்றல்களிலும் மட்டுமே இருக்கும். பிள்ளைகளுக்குச் செல்வது கருவுறும் வித்தணுவிலோ சினைமுட்டையிலோ இருக்கும் சுவடிதான். பெருங்குடல் புற்றுநோயில் காணப்படும் மரபணுப் பிழைகளில் மிகப் பெரும்பாலானவை வாழ்நாளில் குடலுக்குள்ளேயே தோன்றியவை. தந்தையிடமிருந்து வந்தவையுமல்ல, மகளுக்குச் செல்பவையுமல்ல.

அப்பிழை எவ்வாறு புற்றாகிறது? இதை விளக்க ஓர் ஈயின் கதைக்கு வருகிறேன். ஈக்கும் குடலுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள், சற்றே பொறுத்தருள்க.

கல்வராயன் மலையிலிருந்து பலாப்பழம் இறங்கும் காலத்தில், அறுத்து வைத்த சுளைகளைச் சுற்றிக் கடுகளவு ஈக்கள் வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கையால் விரட்டிவிட்டுப் போகும் அந்தப் பழ ஈயைத்தான் உலகெங்கும் விஞ்ஞானிகள் புட்டிகளில் வளர்த்து ஆராய்கிறார்கள். புது தில்லியில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதன் 1972 வரை இயக்குநராக இருந்த நிலையம். அங்கே ஆர்.பி. சர்மா என்ற ஆய்வாளர் 1973இல் ஒரு விந்தையான ஈயைப் பற்றிச் சிறு குறிப்பொன்று வெளியிட்டார். அந்த ஈக்களில் சிலவற்றுக்கு ஒரு பக்கச் சிறகு இல்லை. சிலவற்றுக்கு இரு பக்கமும் இல்லை. 'சிறகிலி' என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'விங்லெஸ்' என்று பெயரிட்டார். 1976இல் அவரும் வி.எல். சோப்ராவும் சேர்ந்து விரிவான கட்டுரை எழுதினார்கள். அதில் புற்றுநோய் என்ற எண்ணமே கிடையாது. ஒரு மரபணு பழுதானால் சிறகு முளைப்பதில்லை என்பதுதான் செய்தி.

1982இல் அமெரிக்காவில் ரோயல் நுஸ், ஹெரால்ட் வார்மஸ் என்னும் இருவர், எலிகளுக்கு மார்பகப் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்தார்கள். அவ்வைரஸ் எலியின் எந்த மரபணுவைத் தூண்டிவிட்டுப் புற்றை விளைக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கு 'இன்ட்-1' என்று பெயர் வைத்தார்கள். 1987இல் தெரிய வந்த செய்தி அறிஞர் உலகை வியக்க வைத்தது: எலியில் புற்றை விளைத்த அம்மரபணுவும், தில்லியில் ஈயின் சிறகைப் பறித்த மரபணுவும் ஒன்றே! 1991இல் இரு பெயர்களையும் இணைத்து 'விண்ட்' என்று அந்தக் குடும்பத்துக்கே பெயரிட்டார்கள். இன்று உலகின் எந்தப் புற்றுநோய் நூலைத் திறந்தாலும் அப்பெயரைக் காணலாம். அதன் முதற்பாதியில் ஓர் இந்திய ஆய்வுக்கூடத்தின் உழைப்பு ஒளிந்திருப்பதை நம் பாடநூல்கள் ஏனோ நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

விண்ட் என்பது ஓர் உயிரணு அண்டை உயிரணுவுக்கு அனுப்பும் சமிக்ஞை. "பெருகுக" என்பதே அதன் பொருள். கருவில் உடல் உருவாகும்போது அது இன்றியமையாதது. வளர்ந்த மனிதனின் குடலிலும் அது நாள்தோறும் தேவைப்படுகிறது. குடலின் உட்சுவர் உண்ணும் உணவோடு ஓயாது உராய்ந்து தேய்கிறது. எனவே நான்கைந்து நாள்களுக்கு ஒருமுறை அது முற்றிலும் புதுப்பிக்கப்படுகிறது. உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சிறு குழிகள் உள்ளன. குழியின் அடியில் தாயணுக்கள் இருக்கின்றன. அங்கே விண்ட் சமிக்ஞை வலுவாக ஒலிக்கிறது, தாயணுக்கள் பெருகுகின்றன. பிறந்த அணுக்கள் மெல்ல மேலேறுகின்றன. மேலே செல்லச் செல்லச் சமிக்ஞை தேய்கிறது, பெருக்கம் நிற்கிறது, அணுக்கள் தத்தம் வேலையைச் செய்து, உச்சியை அடைந்ததும் உதிர்ந்துவிடுகின்றன. எத்தகைய ஒழுங்கு, பாருங்கள்!

இந்த ஒழுங்கைக் காப்பது எது? நம் மாவட்டத்துக் கரும்பு விவசாயிகளுக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டு சொல்கிறேன். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தால்தான் ஆள்கள் கரும்பில் அரிவாளை வைப்பார்கள். உத்தரவுச் சீட்டுகள் ஓயாமல் அச்சாகிக்கொண்டே இருக்கின்றன என்றும், வாசலில் ஒரு கணக்கர் அமர்ந்து அவற்றையெல்லாம் உடனுக்குடன் கிழித்துப் போடுகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். மேலிடத்திலிருந்து மணி ஒலித்தால் மட்டும் அவர் கையைக் கட்டிக்கொள்வார். சீட்டுகள் வயலுக்குப் போகும். உயிரணுவுக்குள் அந்தச் சீட்டின் பெயர் பீட்டா-கேட்டனின். கிழிக்கும் கணக்கர் ஏ.பி.சி. என்னும் புரதமும் அதன் கூட்டாளிகளும். மணியோசைதான் விண்ட். மணி ஒலிக்கும்போது பீட்டா-கேட்டனின் அழிக்கப்படாமல் சேர்ந்து, உயிரணுவின் கருவுக்குள் நுழைந்து, பெருக்கத்துக்கான மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது.

கணக்கர் இறந்துவிட்டால்? மணியே ஒலிக்காதபோதும் சீட்டுகள் போய்க்கொண்டே இருக்கும். உதிர வேண்டிய அணு உதிராது, பெருகிக்கொண்டே இருக்கும். ஏ.பி.சி. மரபணுவை 1991இல் அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பெருங்குடல் புற்றுகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் அது பழுதுபட்டிருக்கிறது. ஒவ்வொரு மரபணுவும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு பிரதிகளில் இருப்பதால், ஏ.பி.சி.யின் இரண்டும் கெட்டால்தான் தீங்கு தொடங்கும்.

அவ்வாறு தொடங்கினாலும் உடனே புற்றாகிவிடுவதில்லை. முதலில் தோன்றுவது 'பாலிப்' எனப்படும் சிறு சதைத் திரட்சி, மருவைப் போன்றது. அவற்றில் பெரும்பாலானவை தீங்கின்றியே இருந்துவிடுகின்றன. சிலவற்றில் அடுத்த பிழை நேர்கிறது. கே-ராஸ் என்னும் மரபணு, வெளியிலிருந்து வரும் வளர்ச்சிச் செய்தியை உள்ளே கடத்தும் விசை. அது 'இயங்கு' என்ற நிலையிலேயே சிக்கிக்கொண்டால் திரட்சி பெரிதாகிறது. பின்னர், "போதும், நில்" என்று கட்டளையிடும் வேறொரு வழியும் அடைபடலாம். கடைசியில், பழுதான அணுவைத் தடுத்து நிறுத்தும் பி-53 என்ற காவலும் விழுகிறது. இந்தப் படிக்கட்டை எரிக் ஃபியரான், பெர்ட் வோகல்ஸ்டைன் இருவரும் 1990இல் வரைந்து காட்டினார்கள். முதற்படியிலிருந்து புற்று என்னும் படிவரை பெரும்பாலும் பத்தாண்டுகள் அளவுக்கு ஆகிறது. பத்தாண்டுகள்! அதற்குள் திரட்சியைக் கண்டு அகற்றிவிட்டால் அந்தப் புற்று வருவதற்கே வழியில்லை. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, பாலிப்புகளை அகற்றிக்கொண்டவர்களிடம் பெருங்குடல் புற்று முக்கால் பங்குக்கும் மேல் குறைந்ததை 1993இலேயே எடுத்துக்காட்டியது.

சரி, விண்ட் சமிக்ஞையை அடைத்துவிடும் மருந்தைக் கொடுத்தால் என்ன? நானும் இதைத்தான் கேட்டேன். 1998இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர், அச்சமிக்ஞையின் கடைசிக் கண்ணி இல்லாத எலிக்குட்டிகளைப் பிறக்கச் செய்தார்கள். அவற்றின் சிறுகுடலில் பெருகும் தாயணுக்களே இல்லை. பிறந்த சிறிது காலத்தில் இறந்தன. நோயை வளர்க்கும் அதே சமிக்ஞைதான் குடலையும் வாழ வைக்கிறது. அதனாலேயே அவ்வழியை நேராக அடைக்கும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

இப்போது அந்த இளைஞரின் அத்தாவுக்கு எழுதிக் கொடுத்த பரிசோதனையைப் பார்ப்போம். கட்டியின் துணுக்கில் கே-ராஸும் அதன் உடன்பிறப்பு மரபணுக்களும் பிழைபட்டுள்ளனவா என்று பார்ப்பதே அது. ஏன்? பரவிய புற்றுக்குச் செட்டுக்சிமாப் என்னும் ஊசி மருந்து உண்டு. அது வளர்ச்சிச் செய்தியை வாங்கும் வாசற்கதவை அடைக்கிறது. ஆனால் கே-ராஸ் உள்ளேயே சிக்கிக்கொண்டு ஓயாமல் இயங்கும்போது வாசலை அடைத்துப் பயனென்ன? கே-ராஸ் பிழைபட்ட கட்டிகளில் அம்மருந்து வேலை செய்வதில்லை என்பது 2008இல் உறுதியாயிற்று. பெருங்குடல் புற்றுகளில் பத்தில் நான்கு அத்தகையவை. பரிசோதனை செய்யாவிட்டால், பயன்படாத மருந்துக்கு நிலத்தை விற்றுக் கொடுக்க நேரலாம். அல்லது பயன்படும் மருந்து கிடைக்காமலே போகலாம். அந்தச் சோதனையின் முடிவு கட்டியைப் பற்றியது. மகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. இதைத்தான் அவருக்கு விளக்கினேன். மருத்துவரிடம் பெரியவர்களையும் அழைத்துச் சென்று நேரில் கேட்கச் சொன்னேன்.

ஆயினும் பாதி உண்மையைச் சொல்லி நிறுத்துவது முறையன்று. மரபுவழியே வரும் குடல் புற்றும் உண்டு, அளவில் சிறியது. ஏ.பி.சி.யின் கெட்ட பிரதி ஒன்றோடு பிறப்பவர்கள் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒருவர். அவர்களுக்கு வளரிளம் பருவத்திலேயே பெருங்குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்புகள் தோன்றும்; சிகிச்சையின்றி விட்டால் நாற்பது வயதையொட்டிப் புற்று வருவது ஏறக்குறைய உறுதி. இன்னொன்று 'லின்ச்' எனப்படுவது. அங்கே கெட்டிருப்பது, சுவடியைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் மரபணு. பெருங்குடல் புற்றுகளில் நூற்றுக்கு மூன்று இவ்வகையின. இவ்விரண்டிலும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வேறொரு வகை, 2002இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால் மட்டுமே தலைகாட்டும். நெருங்கிய சொந்தத்தில் சம்பந்தம் செய்வோர் இவ்வகை நோய் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறிவது நன்று.

இங்கேதான் மறைத்தல் உயிர் குடிக்கிறது. 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகனில் பாலின் கிராஸ் என்னும் தையற்காரப் பெண், ஆல்ட்ரட் வார்த்தின் என்ற மருத்துவப் பேராசிரியரிடம், தன் குடும்பத்தில் பலரும் புற்றால் இறந்ததைச் சொல்லி, தானும் அவ்வாறே இறப்பேன் என்றாராம். அப்போது அவர் நல்ல உடல்நலத்தோடு இருந்தார். சொன்னபடியே இளவயதில் கருப்பைப் புற்றால் மறைந்தார். ஆனால் அவர் கூச்சப்படாமல் சொன்னதைக் குறித்துக்கொண்ட வார்த்தின், அக்குடும்பத்தின் வரலாற்றை 1913இல் வெளியிட்டார். ஹென்றி லின்ச் 1960களிலிருந்து அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 2000ஆம் ஆண்டில் அக்குடும்பத்தின் பிழை எந்த மரபணுவில் என்பதே தெரிந்துவிட்டது. இன்று அக்குடும்பத்தின் வழித்தோன்றல்கள் ஓர் இரத்தச் சோதனையால் தம் நிலையை அறிந்துகொள்ள முடிகிறது. பிழையைப் பெறாதவர்கள் அச்சமின்றி வாழலாம். பெற்றவர்கள் காலாகாலத்தில் சோதித்துக்கொண்டு தப்பிக்கலாம்.

நம் வீட்டில் எப்போது ஐயம் கொள்ள வேண்டும்? ஐம்பது வயதுக்குமுன் குடல் புற்று வந்திருந்தால். அல்லது ஒரே பக்கத்து உறவில் இரண்டு மூன்று பேருக்குக் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்திருந்தால். கட்டியைச் சோதிக்கும்போதே, பிழைதிருத்தும் புரதம் இருக்கிறதா என்றும் பார்ப்பதுண்டு. இல்லையென்று வந்தாலும் பலருக்கு அது பரம்பரைக் காரணத்தால் அன்று. அதை இரத்தச் சோதனைதான் முடிவு செய்யும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தோற்றுவித்த அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இத்தகைய குடும்பங்களுக்கென்றே தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முன்னோடி. ஏ.பி.சி. பிழையுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே குடலைப் பார்க்கத் தொடங்குவார்கள். லின்ச் குடும்பத்தாருக்கு இருபது, இருபத்தைந்திலிருந்து ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பரம்பரைப் பிழை எதுவும் இல்லாத சாதாரணக் குடல் புற்றுக்காரரின் மக்களும் உடன்பிறந்தோரும் நாற்பது வயதில், அல்லது அவருக்கு நோய் வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னதாக, இவற்றுள் எது முந்தியதோ அப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பந்தம் பேசும்போது மறைத்த செய்தி, மணமான பின் மருமகளுக்கு இரத்தம் கசியும்போது அவளையே அல்லவா பலி கொள்ளும்?

உணவைப் பற்றியும் கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல், உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றை விளைக்கும் என்று அறுதியிட்டது. நாள்தோறும் 50 கிராம் உண்போருக்கு அபாயம் 18 விழுக்காடு கூடுகிறது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியைப் 'பெரும்பாலும் விளைக்கக்கூடியது' என்ற பட்டியலில் வைத்தது. அவற்றிலுள்ள இரும்புச் சத்தோடு கூடிய நிறமி, குடலில் மரபணுவைப் புண்படுத்தும் பொருள்களை உண்டாக்குகிறது. பெருநாள் முடிந்து நாம் காயவைக்கும் உப்புக்கண்டமும் அந்த வரையறைக்குள் அடங்கும் என்பதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. எனக்கும் பிடித்த பண்டம்! எப்போதாவது ஒருநாள் உண்பது வேறு, தினம் உண்பது வேறு. கீரையும் பயறும் கூட்டி, இறைச்சியின் அளவைக் குறையுங்கள். புகையிலையை விட்டொழியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'மூலம்' என்ற ஒரு சொல்லின் பின்னால் ஒளிவதை விட்டுவிடுங்கள். மூலம், பவுத்திரம் குணமாகும் என்று எழுதாத சுவர் நம் ஊர்களில் அரிது. மலத்தில் இரத்தம் கண்டால் கடுக்காய்ப் பொடி, களிம்பு என்று ஓராண்டு ஓடிவிடுகிறது. இரத்தம் பெரும்பாலும் மூலத்தால்தான் வரும். ஆனால் எதனால் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், ஊகித்தன்று. பல வாரங்களாக மலம் கழிக்கும் வழக்கம் மாறினாலும், கழித்த பின்னும் மீதமிருப்பதாகத் தோன்றினாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், ஓர் ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரத்தச்சோகை கண்டாலும் காட்டுங்கள். நம் நாட்டு அரசுத் திட்டங்களில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றுக்குத்தான் முன்கூட்டிய சோதனை உண்டு. குடலுக்கு யாரும் வீடு தேடி வரமாட்டார்கள்.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டலாம். மேற்சிகிச்சை வேண்டுமெனில் புதுச்சேரி ஜிப்மரில் புற்றுநோய் மையம் இருக்கிறது. பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறலாம். உடன் ஒரு பெண் துணை இருக்கலாம். கொலனோஸ்கோபி என்னும் சோதனையை எண்ணி அஞ்சுவோர் பலர். முதல் நாள் எளிய உணவு. பின்னர் குடலைச் சுத்தம் செய்யும் மருந்து கலந்த நீரை மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். உண்மையில் சிரமமானது அதுதான். மறுநாள் தூக்கம் வரும்படி ஊசி போட்டு, ஒளி பொருத்திய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் திரையில் பார்ப்பார்கள். அரைமணி நேரம், சற்றுக் கூடலாம். பாலிப் தென்பட்டால் அதே குழாய் வழியாகச் சுருக்குக் கம்பியை விட்டு அப்போதே அறுத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலோர் அன்று மாலையே வீடு திரும்புகிறார்கள்.